முரண்நகையும் குத்தலும்: எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன

கேள்வி இது: "மனதில் இருப்பதற்கு நேர்மாறாகப் பேசுவதுதான் ஐரனி என்கிறார்கள். சர்காசமும் அப்படித்தானே இருக்கிறது? பிறகு எதற்கு இரண்டு பெயர்? பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சி இதில் எந்தப் பக்கம் சேரும்?"

ஐரனியை முரண்நகை என்று தமிழ்த் திறனாய்வாளர்கள் எழுதுகிறார்கள். சர்காசத்துக்கு நம் வீடுகளில் புழங்கும் சொல் குத்தல். "குத்திப் பேசாதே", "குத்தலா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா" என்கிறோம் அல்லவா, அதேதான். இந்தப் பதிலில் இந்த இரண்டு சொற்களையே பயன்படுத்துகிறேன்.

பலரும் தரும் விளக்கம், மென்மையாகச் சொன்னால் முரண்நகை, கடுமையாகச் சொன்னால் குத்தல் என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மென்மையான குத்தல் உண்டு, மிகக் கடுமையான முரண்நகையும் உண்டு. முரண்நகை என்பது ஒன்றைச் சொல்லும் விதம். சொல்லுக்கும் கருத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுப் பேசுவது. குத்தல் என்பது பேச்சின் நோக்கம். எதிரில் இருப்பவரையோ, காதில் வாங்க வேண்டியவரையோ சுருக்கென்று தைக்க வேண்டும் என்பது. ஒன்று விதத்தைப் பற்றியது, மற்றது நோக்கத்தைப் பற்றியது என்பதால் ஒரே வாக்கியம் இரண்டாகவும் இருக்கலாம், ஏதாவது ஒன்றாக மட்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் போகலாம். இதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு கல்யாண மண்டபம். மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டரும் ஓடவில்லை. வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கும் பெரியவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "ஏசி நல்லா குளுகுளுன்னு இருக்குல்ல?" என்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். சொன்னது உண்மைக்கு நேர் எதிர், ஆனாலும் பொய் இல்லை. பொய் சொல்பவர் பிடிபடக் கூடாது என்று பேசுவார். முரண்நகையாகப் பேசுபவர் பிடிபட வேண்டும் என்றே பேசுகிறார். எதிராளிக்குப் புரியாவிட்டால் அவர் பேச்சு வீண். இங்கே யாரும் யாரையும் குத்தவில்லை. புழுக்கத்தில் மாட்டிக்கொண்ட இருவர் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே நேரத்தில் மண்டபத்து மேலாளர் அந்தப் பக்கம் வருகிறார். பெரியவர் குரலைச் சற்று உயர்த்தி, அவர் காதில் விழும்படி, அதே வாக்கியத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் மறுபடி சொல்கிறார். இப்போது அது குத்தல். மேலாளர் முகம் சுருங்கும். சொல்லுக்கும் கருத்துக்கும் உள்ள இடைவெளி முன்பு இருந்த அளவுதான். புதிதாக வந்தது தைக்கப்பட வேண்டிய ஓர் ஆள்.

சரி, முரண்நகை எப்படி வேலை செய்கிறது? மொழியியலில் இதற்கு மூன்று முக்கியமான விளக்கங்கள் உண்டு. முதலாவது, பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர் 1975-இல் சொன்னது. உரையாடலில் உண்மையைத்தான் பேச வேண்டும் என்று எழுதாத ஒரு விதி இருக்கிறது. பேசுபவர் அதை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி மீறுகிறார். கேட்பவர், "இவர் காரணமில்லாமல் இப்படிப் பேசமாட்டாரே" என்று யோசித்து எதிர்ப்பொருளுக்குப் போகிறார். மண்டபத்து உதாரணத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் நாள் முழுக்கப் புத்தகத்தைத் தொடாத பையனிடம் அம்மா, "படிச்சுப் படிச்சுக் கண்ணு கெட்டுடப் போகுதுடா" என்கிறாள் என்று வையுங்கள். இதை எதிர்ப்பொருளாகத் திருப்பினால் "படித்தால் கண் கெடாது" என்று வரும். அம்மா சொல்ல வந்தது அதுவா? எதிர்ப்பொருள் என்ற விளக்கம் இங்கே கைவிட்டுவிடுகிறது.

டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரே வில்சனும் 1981-இல் வேறு வழியில் போனார்கள். முரண்நகை என்பது ஓர் எதிரொலி என்றார்கள். யாரோ சொன்னதை, அல்லது எல்லாரும் எதிர்பார்த்ததை, பேசுபவர் திருப்பி ஒலிக்கிறார். ஒலிக்கும்போதே, "இது என் கருத்து இல்லை, எப்படி இருக்கிறது பாருங்கள்" என்று அதிலிருந்து விலகி நிற்கிறார். மண்டபத்துப் பெரியவர் எதிரொலித்தது "முழுக்க ஏசி வசதி" என்று பேசி முன்பணம் வாங்கிய வாக்குறுதியை. அம்மா எதிரொலித்தது, படிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் வழக்கமாகப் படும் கவலையை. அந்தக் கவலைக்கு இங்கே இடமே இல்லை என்பதுதான் விஷயம்.

தமிழ் பேசுபவர்களுக்கு இந்த விளக்கம் சட்டென்று பிடிபடும், ஏனென்றால் நம் பேச்சில் 'ஆம்' என்ற விகுதி இருக்கிறது. "அவருக்கு உடம்பு சரியில்லையாம்" என்றால், கேட்டதைச் சொல்கிறேன், எனக்கு நேரடியாகத் தெரியாது என்று பொருள். அதே வாக்கியத்தை, முந்தின நாள் சினிமாக் கொட்டகையில் அவரைப் பார்த்த ஒருவர், 'யாம்' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லட்டும். அது முரண்நகையாகிவிடுகிறது. அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லவும், அதிலிருந்து விலகி நின்று நகைக்கவும் ஒரே விகுதி போதுமானதாக இருக்கிறது. ஸ்பெர்பர், வில்சன் விளக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, ஹெர்பர்ட் கிளார்க்கும் ரிச்சர்ட் கெரிக்கும் 1984-இல் முன்வைத்தது. பேசுபவர் ஒரு வேடம் கட்டுகிறார் என்பது அவர்கள் கருத்து. விவரம் தெரியாத ஒருவராக நடித்துப் பேசுகிறார்; கேட்பவர் அந்த நடிப்பை நடிப்பென்று கண்டுகொள்கிறார். இதற்குத் தமிழில் உதாரணம் தேடி அலைய வேண்டாம். ஒன்பது மணி வரை தூங்கும் மகனிடம் அம்மா, "துரை எழுந்தாச்சா? காபி படுக்கைக்கே கொண்டு வரட்டுங்களா?" என்கிறாள். அந்த நிமிடம் அவள் வேலைக்காரி வேடத்தில் இருக்கிறாள், அவன் துரை வேடத்தில். வேடத்தைக் கட்டிவிடுவது மரியாதை விகுதிதான். நீ, நீங்க, வா, வாங்க என்று ஒவ்வொரு உறவுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறோம். அந்த அளவை வேண்டுமென்றே கூட்டிப் பேசினால் போதும், வேறு அடையாளமே தேவையில்லை. நெருங்கிய நண்பன் திடீரென்று "நீங்க சொன்னா சரிதாங்க" என்றால் எதுவோ சரியில்லை என்று தெரிந்துவிடுகிறது. "வாங்க மகாராணி", "ஐயா பெரிய இடம்", "அவரு பெரிய இவரு" எல்லாம் இந்த வகைதான்.

மூன்று விளக்கங்களில் எதிலுமே காயப்படுத்துவது ஒரு நிபந்தனையாக இல்லை. விதியை மீறுவது, எதிரொலிப்பது, வேடம் கட்டுவது இவற்றை அன்பாகவும் செய்யலாம், சலிப்பிலும் செய்யலாம், தன்னை நோக்கியும் செய்யலாம். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டவர் "என் புத்தியே புத்தி" என்கிறாரே, அதில் குத்துபட்டவர் யார்?

அடுத்து, முரண்நகை இல்லாத குத்தல். இதைத்தான் பெரும்பாலான விளக்கங்கள் விட்டுவிடுகின்றன. தாமதமாக வருபவரிடம் "உங்க வீட்டுல கடிகாரமே கிடையாதா?" என்று கேட்பது குத்தல். அதில் எதிர்ப்பொருள் எங்கே? வெறும் கேள்வி, பதில் எதிர்பார்க்காத கேள்வி. கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் இன்னொரு மருமகள் காதுபட, "எல்லாருக்கும் அப்படிக் கொடுத்து வைக்குமா? நாங்கல்லாம் விடியக்காலம் எந்திரிச்சு வேலை செஞ்சே பழகிட்டோம்" என்கிறாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பேச்சு யாரிடமோ, அம்பு யார் மேலோ. இதை ஜாடை பேசுவது என்கிறோம். ஜாடைப் பேச்சில் சொல் நேராகத்தான் இருக்கிறது, முகம்தான் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கவுண்டமணியின் நகைச்சுவையிலும் பாதிக்கு மேல் இப்படி நேரடியான குத்தல்தான்: கேள்வியாகவும் விளியாகவும் வந்து விழும்.

இலக்கியத்தில் இந்த வகைக்குக் காளமேகப் புலவரின் சத்திரப் பாட்டு.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்

நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரம். பசியோடு போய் உட்கார்ந்தால், பொழுது சாயும்போதுதான் அரிசியே வருகிறது. அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் தூங்கிவிடுகிறது. ஓர் அகப்பைச் சோறு இலைக்கு வரும்போது விடிவெள்ளி முளைத்துவிடுகிறது. இதில் எங்கும் அவர் நேர்மாறாகப் பேசவில்லை. தாமதத்தைத் தாமதம் என்றேதான் சொல்கிறார், ஆனால் ராத்திரி முழுக்க நீட்டிச் சொல்கிறார். மிகைப்படுத்தல்தான் அவர் கருவி. காத்தான் பேரையும் ஊரையும் முதல் அடியிலேயே வைத்ததால் குத்து எங்கே விழுகிறது என்பதில் சந்தேகமில்லை. குத்தல் உண்டு, முரண்நகை கிடையாது.

இந்தப் பாட்டுக்கு ஒரு பின்கதை சொல்வார்கள். காத்தான் மனம் நொந்து முறையிட, புலவர் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னாராம்: நாட்டில் உணவு அற்றுப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையில் இட்டதும் ஊரார் பசி அடங்கும், இலையில் விழும் சோறு வெள்ளிபோல் வெளுத்து எழும். கதை நடந்ததோ இல்லையோ, குத்தலைப் பற்றிய ஒரு முக்கியமான உண்மை இதில் இருக்கிறது. குத்துபவருக்குத் தப்பிக்க ஒரு வழி வேண்டும். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? நல்லதாத்தானே சொன்னேன்" என்று சொல்ல முடிய வேண்டும். அந்த வழியை எளிதில் கொடுப்பது முரண்நகை, ஏனென்றால் அதில் வெளிச்சொல் பாராட்டாக இருக்கிறது. அதனால்தான் குத்த நினைப்பவர்கள் அடிக்கடி முரண்நகையைத் தேடிப் போகிறார்கள். இரண்டையும் நாம் ஒன்றென்று மயங்குவதற்கு இந்த அடிக்கடி நிகழும் கூட்டுத்தான் காரணம்.

அப்புறம், குத்தல் இல்லாத முரண்நகை. புறநானூற்றின் 107-ஆம் பாட்டு. கபிலர் பாடியது.

பாரி பாரி என்றுபல ஏத்தி
ஒருவற் புகழ்வர் செந்நாப் புலவர்
பாரி ஒருவனும் அல்லன்
மாரியும் உண்டுஈண்டு உலகுபுரப் பதுவே

"பாரி, பாரி என்று எல்லாப் புலவர்களும் ஒருவனையே புகழ்கிறார்கள். பாரி ஒருவன்தானா? உலகத்தைக் காப்பாற்ற மழையும் இருக்கிறதே." முதல் மூன்று அடிகளைக் கேட்பவருக்கு இது குறை சொல்வதுபோல் இருக்கும். புலவர்களைக் கண்டிக்கிறார், பாரியின் தனிச்சிறப்பை மறுக்கிறார் என்று தோன்றும். கடைசி அடியில் மழையைக் கொண்டுவந்து பாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் எல்லாம் மாறிவிடுகிறது. மழையைத் தவிர இணை சொல்ல ஆள் இல்லாத கொடையாளி என்றாகிவிட்டது. கபிலரும் செந்நாப் புலவர்களில் ஒருவர்தான், பாரியைப் பாடிப் பாடித் தீராதவர். நேராகப் புகழ்ந்திருந்தால் அவர் குரல் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். மறுப்பதுபோல் எழுந்து நின்றதால் தனியாகக் கேட்கிறது. நான்கே அடியில் இதைச் செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்னமும் எனக்கு வியப்புத்தான். இதில் காயம்பட ஆளே இல்லை.

வீட்டிலும் இது நடக்கிறது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி, "இந்தக் கருவாயனை யாருக்கு வேணும்? கழுதை, போக்கிரி, யாராவது கேட்டா குடுத்துடலாம்" என்று கொஞ்சுகிறாள். கண் பட்டுவிடுமே என்ற பயமும் அதில் உண்டு. திட்டும் சொற்கள் அத்தனையும் அன்பாகவே போய்ச் சேருகின்றன.

ஆனால் ஒன்று கவனியுங்கள். புகழ்ந்து இகழ்வது எளிது, இகழ்ந்து புகழ்வது அரிது. சொதப்பிய வேலையைப் பார்த்து "அருமை!" என்று யாரும் சொல்லலாம். நன்றாகச் செய்த வேலையைப் பார்த்து "படு மோசம்" என்றால் கேட்பவர் குழம்புவார். அதற்கு முன்னேற்பாடு வேண்டும். பரீட்சை எழுதிவிட்டு "நான் ஃபெயில்தான்" என்று நாலு நாள் புலம்பிய பெண் 95 மதிப்பெண் வாங்கியிருந்தால், "ஃபெயிலானவங்க வர்றாங்க, வழி விடுங்க" என்று சொல்லலாம், எடுபடும். எதிரொலி விளக்கம் இதற்கும் காரணம் தருகிறது. எல்லாம் நல்லபடி நடக்க வேண்டும் என்பதுதான் மனிதர்களின் பொதுவான எதிர்பார்ப்பு. ஆகவே பாராட்டுச் சொல்லை எதிரொலிக்க எப்போதும் ஆதாரம் இருக்கிறது. பழிச்சொல்லை எதிரொலிக்க வேண்டுமானால், முன்பு யாராவது பழித்திருக்க வேண்டும். தினசரிப் பேச்சில் நாம் கேட்கும் முரண்நகையில் பெரும்பகுதி பழிப்பாகவே இருப்பதும், குத்தலோடு அது ஒட்டிக்கொண்டதும் இதனால்தான்.

இரண்டும் முழுமையாகச் சேரும் இடத்தைக் காட்டச் சுந்தரரைவிடப் பொருத்தமானவர் இல்லை. சேக்கிழார் சொல்லும் வரலாறு இது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், பிரிய மாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறிப் புறப்படுகிறார். இரு கண்களும் பார்வை இழக்கின்றன. காஞ்சியில் ஒரு கண் கிடைக்கிறது. மற்றொரு கண்ணுக்காகத் திருவாரூர் வந்து நிற்கிறார். அங்கே பாடியது:

மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவா ரூரீர் வாழ்ந்து போதீரே

உமக்கே மீளாத அடிமையாகி, வேறு யாரையும் நாடாமல், கொழுந்துவிடாத தீப்போல உள்ளேயே கனன்று, முகம் வாடி நிற்கும் அடியார் தங்கள் துன்பத்தைச் சொன்னால், நீர் பேசாமல் இருப்பீர். நல்லது, வாழ்ந்து போம். பதிகம் முழுவதும் இந்த "வாழ்ந்து போதீரே"யில்தான் முடிகிறது. சொல் வாழ்த்து. அதுவும் மனிதன் கடவுளுக்குச் சொல்லும் வாழ்த்து, எல்லாரையும் வாழவைப்பவரைப் பார்த்து "நன்றாக வாழும்" என்பது. கருத்தோ, உம்மால் எனக்கு என்ன பயன் என்ற மனக்கொதிப்பு. முரண்நகை முழுதாக இருக்கிறது. தைக்க வேண்டியவர் எதிரிலேயே இருக்கிறார், "திருவாரூரீர்" என்று ஊர் சொல்லி விளிக்கப்படுகிறார், ஆக குத்தலும் முழுதாக இருக்கிறது. இன்றும் மனம் கசந்து விலகுபவர்கள் "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறார்களே, அதே குரல்.

அடுத்த பாட்டில் அவர் முரண்நகையைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிடுகிறார். "குற்றம் ஒன்றும் செய்ததில்லை", "எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்" என்பவை நேரான குற்றச்சாட்டுகள். ஏன் என் கண்ணைப் பறித்தீர், பழி உம்மேல்தான் என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டு, "மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே" என்று மறுபடி வாழ்த்துக்குத் திரும்புகிறார். ஒரே பாட்டுக்குள் நேரான பழியும் மறைவான பழியும் அடுத்தடுத்து நிற்பதால் வித்தியாசத்தைக் காதாலேயே கேட்க முடிகிறது. நேரான பழிக்கு ஒரு மறுமொழி சொல்லிவிடலாம். "வாழ்ந்து போதீரே" என்பவரிடம் என்ன சொல்வது?

குத்தல் என்றாலே வெறுப்பு என்று எழுதுபவர்களுக்கு நான் இந்தப் பதிகத்தைத்தான் காட்டுவேன். நோகடிக்க நினைப்பது எப்போதும் பகையிலிருந்து வருவதில்லை. உரிமையிலிருந்தும் வரும். தன்னைத் திரும்பிப் பார்க்காத ஒருவரைத் திரும்ப வைக்கவும் மனிதர்கள் குத்துகிறார்கள். சுந்தரர் கேட்டது கண். வலது கண் அங்கே கிடைத்தது என்கிறது பெரியபுராணம்.

எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அறிஞர்கள் வாதாடக்கூடிய பாட்டு ஒன்றும் உண்டு. புறநானூறு 95. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை சொல்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த பெரிய மாளிகையில் இருக்கின்றன. அவையோ, பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து, எப்போதும் கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. உண்டானால் கொடுத்து, இல்லையானால் இருப்பதை உடனிருந்து உண்ணும் எங்கள் தலைவனின் வேல்கள்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தொண்டைமானின் ஆயுதங்கள் உண்மையிலேயே அழகாக இருந்தன, அதியமானின் வேல்கள் உண்மையிலேயே உடைந்து கிடந்தன. செய்தியை நேர்மாறாகத் திருப்ப முடியாது. திரும்புவது மதிப்பீடு மட்டும். பாராட்டுபோல ஒலிப்பது, இவை போரையே பார்க்காதவை என்று ஆகிறது. குறைபோல ஒலிப்பது, இந்தப் படையோடு மோத வேண்டாம் என்று ஆகிறது. எதிர்ப்பொருள் விளக்கம் எவ்வளவு போதாதது என்பதற்கு இன்னொரு சான்று இது.

இது குத்தலா? இல்லை என்பதுதான் என் கருத்து, மாற்றுக் கருத்து இருக்கலாம். தூது போனவர் அவையில் அரசனை அவமானப்படுத்தினால் வந்த வேலை கெட்டுவிடும். ஔவைக்கு வேண்டியது தொண்டைமான் மனம் புண்படுவது கிடையாது, அவன் யோசிப்பது. அவன் மானம் கெடாமல் பின்வாங்க இடம் விட்டுப் பேசுகிறார். கேட்டும் கேளாததுபோல, "ஆம், என் ஆயுதங்கள் அழகானவைதான்" என்று சிரித்துவிட்டு அவன் போரைக் கைவிட முடியும். குத்தல் அந்த இடத்தை விட்டுவைப்பதில்லை. சந்தேகமான இடங்களில் நான் பார்ப்பது இதைத்தான்: பேசியவர் எதிராளி திருந்தினால் போதும் என்று நிற்கிறாரா, அவர் முகம் வாடுவதையும் பார்க்க விரும்புகிறாரா?

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை, அதாவது பழித்துப் பாடுவதை, பிரிப்பதும் இங்கே உதவும். "அங்கதம் தானே அரில்தபத் தெரியின் செம்பொருள் கரந்தது என இருவகைத்தே" என்கிறார். வெளிப்படையாகப் பழித்தால் செம்பொருள் அங்கதம், பழியை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். பழிப்பு இரண்டுக்கும் பொது, மறைப்புத்தான் வேறுபடுத்துகிறது. ஆக, பழிப்பும் மறைப்பும் தனித்தனிச் சரக்குகள் என்று அவர் கண்டிருக்கிறார். இதோடு கபிலர் பாட்டையும் வைத்துப் பார்த்தால், மறைப்பு உண்டு பழிப்பு இல்லை என்ற மூன்றாவது இடமும் நிரம்பிவிடுகிறது.

ஆய்வாளர்களிடையே இன்று இரண்டு கட்சிகள் உண்டு. குத்தல் முரண்நகையின் ஓர் உட்பிரிவு என்பது ஒன்று. இரண்டும் தனித்தனி, சில இடங்களில் மட்டும் ஒன்றோடொன்று சேர்கின்றன என்பது மற்றொன்று. ஜாடைப் பேச்சையும் சத்திரப் பாட்டையும் கணக்கில் எடுத்தால் உட்பிரிவு என்ற கட்சி நிற்காது. முரண்நகையே இல்லாத குத்தல் எப்படி முரண்நகையின் உட்பிரிவு ஆகும்? நான் இரண்டாவது பக்கம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சூழ்நிலையில் வரும் முரண் வேறு. தீயணைப்பு நிலையம் தீப்பிடித்தால் அது விதியின் முரண், யாரும் எதையும் பேசவில்லை. அதேபோல வடிவேலு ஏற்கும் பாத்திரங்கள் தங்களை மாவீரர்களாக நம்பிப் பேசுகின்றன. பேசும் பாத்திரத்துக்கு முரண் தெரியாது, பார்க்கும் நமக்குத் தெரியும். அது பேச்சு முரண்நகை ஆகாது, ஏனென்றால் பேச்சு முரண்நகைக்குப் பேசுபவருக்கே இடைவெளி தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தில் இதெல்லாம் ஏன் சிக்கலாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2005-இல் ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் இன்னும் சிலரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மின்னஞ்சலில் குத்தலாகவும் நேராகவும் வாக்கியங்களை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியவர்கள் பத்தில் எட்டுக்குக் கிட்டத்தட்டச் சரியாகப் புரிந்துவிடும் என்று நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகக் கண்டது பாதியைவிடச் சற்றே அதிகம்; காசு சுண்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும். எழுதும்போது நம் குரல் நமக்குள் கேட்கிறது, அவருக்குக் கேட்பதில்லை. வாட்ஸ்ஆப் குடும்பக் குழுவில் "சூப்பர், ரொம்ப நல்லா இருக்கு" என்று போட்டுவிட்டு, இழுத்துச் சொன்ன 'ரொம்ப'வை அத்தை எப்படிக் கேட்பார்? நேரில் முரண்நகையாக இருந்திருக்கக்கூடியது அங்கே குத்தலாகப் போய் விழலாம், குத்தல் பாராட்டாகவும் போய்ச் சேரலாம்.

கடைசியாக, வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வதுபோல் இகழ்வதும், இகழ்வதுபோல் புகழ்வதும் என்று இரண்டு திசையையும் சேர்த்தே பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். ஆகவே அது முரண்நகையின் பக்கம். குத்தலா இல்லையா என்பதை அந்த அணி சொல்வதில்லை, பாட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், தாம் விரும்பியதைச் செய்து திரிவதால் என்கிறார் வள்ளுவர். முரண்நகை கூர்மையாக இருக்கிறது, இகழ்ச்சியும் இருக்கிறது. ஆனால் எந்தக் கயவனும் எதிரில் நிற்கவில்லை, யார் பெயரும் இல்லை. ஒரு வகை மனிதர்களைப் பற்றிய அங்கதம் அது. இதே குறளை ஒரு கூட்டத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேற்கோள் காட்டினால் அந்த நிமிடம் அது குத்தல். தேர்வில் விடை எழுதும்போது "இதில் வந்துள்ள அணி வஞ்சப்புகழ்ச்சி" என்பதோடு, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். குத்தலா இல்லையா என்று முடிவு செய்ய அந்த ஒரு வரி வேண்டும்.